முதியோருக்கான நபர்மையச் செவிலியப் பராமரிப்பு: வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த வரலாறு

முதுமையில் ஒருவருக்கு ஒரே ஒரு நோய் மட்டும் இருப்பது அரிது. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு வலி, பார்வைக் குறைவு, மறதி ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொரு நோய்க்கும் தனி மருத்துவர், தனி மருந்துச் சீட்டு என்று ஆகும்போது அந்த மனிதரை முழுதாகப் பார்ப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்விக்குச் செவிலியத் துறை கண்ட விடைகளில் ஒன்று நபர்மையப் பராமரிப்பு. தென்காசி மாவட்டத்துச் சுந்தரபாண்டியபுரம் போன்ற பேரூராட்சியில் வாழும் முதியவரின் வீட்டு வாசல் வரை இந்த எண்ணம் வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது.

நபர்மையப் பராமரிப்பு என்றால் என்ன?

நோயை மட்டும் கணக்கில் கொள்ளாமல், நோயுற்றவரின் பழக்கம், விருப்பம், குடும்பச் சூழல், அவரால் இன்னும் செய்ய முடிந்தவை ஆகியவற்றை அறிந்து அதற்கேற்பப் பராமரிப்பைத் திட்டமிடுவது நபர்மையப் பராமரிப்பு எனப்படுகிறது. எந்த நேரத்தில் எழுவார், எப்படிக் குளிப்பார், எந்த மருந்தை ஏன் விட்டுவிடுகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பவையும் இதில் மருத்துவத் தகவல்களே. இவற்றைக் கேட்டறியும் வாய்ப்பு நாள் முழுவதும் உடனிருக்கும் செவிலியருக்கே அதிகம். ஆகவே இது தொடக்கம் முதலே செவிலியத்தோடு பிணைந்து வளர்ந்தது.

ஆதரவற்றோர் விடுதியில் பிறந்த முதியோர் மருத்துவம்

முதியோர் மருத்துவத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஜெரியாட்ரிக்ஸ்' என்னும் சொல்லை 1909-இல் நியூயார்க் மருத்துவர் இக்னாட்ஸ் நாஷர் உருவாக்கினார். ஆயினும் நடைமுறை மாற்றம் இங்கிலாந்தில்தான் தொடங்கியது. 1935-இல் லண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, அருகிலிருந்த ஆதரவற்றோர் விடுதியின் நோயாளர் பகுதியைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அதன் பொறுப்பு மருத்துவர் மார்ஜரி வாரனுக்கு வந்தது.

அங்கே முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தனர். அவர்களுக்கு என்ன நோய் என்று சரியாகக் கண்டறியப்பட்டிருக்கவில்லை. வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து வகைப்படுத்தினார். எழ முடிந்தவர்களுக்கு நடைப்பயிற்சி அளிக்கப்பட்டது. பலர் வீடு திரும்பினர். மருத்துவர், செவிலியர், இயன்முறைச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே குழுவாக முதியவரை மதிப்பிட வேண்டும் என்று 1943, 1946 ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளில் அவர் வலியுறுத்தினார். முதுமை என்பதே படுக்கைக்குக் காரணமாகாது என்பது அவர் நிறுவிய அடிப்படைக் கருத்து.

ஒரு செவிலியரின் ஆய்வு

செவிலியரே முன்னின்று நடத்திய ஆய்வு 1962-இல் வந்தது. லண்டனில் டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியர், ரோடா மெக்லாரன், மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித் ஆகியோருடன் சேர்ந்து முதியோர் வார்டின் அன்றாடச் சிக்கல்களை ஆராய்ந்தார். அவற்றுள் முதன்மையானது படுக்கைப்புண். தோலில் களிம்பு, ஸ்பிரிட் போன்றவற்றைத் தேய்ப்பது அக்கால வழக்கம். படுத்திருப்பவரின் நிலையை அடிக்கடி மாற்றிவிடுவதே புண்ணைத் தடுக்கும் என்று இந்த ஆய்வு காட்டியது.

புண் வருமுன் அதை எதிர்பார்க்க ஓர் அளவுகோலும் உருவானது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவுத்திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய 5 கூறுகளுக்குத் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண் இடப்படும். மொத்தம் 20-க்கு 14 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் படுக்கைப்புண் ஆபத்து உண்டு. பெரிய கருவி எதுவுமின்றி, பார்த்தும் பேசியும் மதிப்பிடக்கூடியது என்பதால் இது உலகெங்கும் பரவியது.

சென்னையில் தொடக்கம்

தமிழகத்தில் செவிலியக் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கே செவிலியப் பட்டப்படிப்பு வந்தது. எனினும் முதியோருக்கெனத் தனி மருத்துவச் சேவை அமைய மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பின்னர் படுக்கை வசதியுடன் கூடிய வார்டும் அமைந்தது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டமேற்படிப்பு வந்தது. 2012-இல் நடராஜனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பின்னாளில் இந்தியச் செவிலியர் கழகமும் முதியோர் செவிலியத்துக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பை வகுத்தது.

நோயாளி என்பதிலிருந்து நபர் என்பதற்கு

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த உளவியலாளர் டாம் கிட்வுட் 1997-இல் மறதிநோய் பற்றி எழுதிய நூல், நபர்மையம் என்னும் கருத்துக்கு உறுதியான வடிவம் கொடுத்தது. மறதிநோய் கண்டவர் குன்றுவது மூளைச் சிதைவால் மட்டும் அன்று, சுற்றியிருப்போர் அவரை நடத்தும் முறையாலும்தான் என்று அவர் வாதிட்டார். குழந்தைபோல் நடத்துதல், அவர் எதிரிலேயே அவர் இல்லாததுபோல் பேசுதல், அவசரப்படுத்துதல், பொய் சொல்லிச் சமாளித்தல் ஆகியவற்றை அவர் பட்டியலிட்டார். இவற்றைச் செய்வோர் பெரும்பாலும் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர் என்பதையும் சுட்டினார்.

இதன் பொருளைத் தென்காசி வட்டாரத்து எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். மறதிநோய் கண்ட மூதாட்டி ஒருவர் ஓயாமல் விரல்களை உருட்டிக்கொண்டிருந்தால், 'அமைதியின்மை' என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டுத் தூக்க மருந்து தரப்படலாம். அவர் 40 ஆண்டுகள் பீடி சுற்றியவர் என்று அறிந்த செவிலியர், அது பழகிய கையின் வேலை என்று புரிந்துகொள்வார். கைக்கு ஏதாவது எளிய வேலை கொடுத்தால் மருந்தே தேவைப்படாமலும் போகலாம். முதியோருக்குத் தூக்க மருந்து விழுதலையும் எலும்பு முறிவையும் வரவழைக்கக்கூடியது என்பதால், வாழ்க்கை வரலாறு தெரிவதும் தெரியாததும் இங்கே உடல்நலத்தையே தீர்மானிக்கிறது.

மலைக்கு அப்பால் ஒரு முன்மாதிரி

செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அம்மாநிலத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் தொடங்கப்பட்டது. மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் இதில் முன்னோடிகள். சில ஆண்டுகளில் மலப்புறம் பகுதியில் பயிற்சி பெற்ற அண்டை அயலார் நோயாளிகளைத் தேடிச் செல்லும் வலைப்பின்னல் உருவானது. புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கிய இப்பணி படுக்கையிலிருக்கும் முதியோருக்கும் விரிந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. உள்ளாட்சி அமைப்புகளின் ஆதரவுடன் செவிலியர் வீடு வீடாகச் செல்வது அதன் மையக் கூறாகும்.

தமிழ்நாட்டில் வீடு தேடி வந்த சேவை

இந்திய அரசு 2010-11-இல் தேசிய முதியோர் நலப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனைகளில் முதியோருக்கென 10 படுக்கைகள் கொண்ட வார்டு அமைப்பது இதன் நோக்கங்களில் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது 10.4 விழுக்காடு.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டு மாநிலம் முழுவதும் விரிந்தது. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டில் சேர்க்கின்றனர். ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் நடக்க இயலாதோரின் வீடுகளுக்குச் செல்கின்றனர். 2024 பிப்ரவரி 25 அன்று சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பார்த்தால்

வயல்களுக்கும் சூரியகாந்தித் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற சுந்தரபாண்டியபுரம், 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தில் உள்ளது. மேல்சிகிச்சை தேவைப்படுவோர் தென்காசி அரசு மருத்துவமனைக்கோ, 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கோ செல்ல வேண்டும். மூட்டு வலியும் பார்வைக் குறைவும் உள்ள முதியவருக்குப் பேருந்துப் பயணமே பெரும் தடை. துணைக்கு வருபவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். இத்தகைய ஊர்களில் வீடு தேடி வரும் செவிலியரே முழுமையான பராமரிப்புக்கான முதல் வாசல்.

அவர் வீட்டுக்கு வந்தால் மருத்துவமனையில் தெரியாத பலவற்றைக் காண முடியும். வெவ்வேறு மருத்துவர்கள் தந்த மாத்திரைகள் ஒரே டப்பாவில் கலந்து கிடப்பது, கழிவறைக்குச் செல்லும் வழியில் உள்ள உயரமான படி, இரவில் கண் விழிக்கும் மருமகளின் களைப்பு ஆகியவை அங்கேதான் தெரிகின்றன. இவற்றைக் கேட்டறிய நேரம் வேண்டும். ஒரு நாளில் பல வீடுகளுக்குச் செல்ல வேண்டிய செவிலியருக்கு இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கவே நேரம் போதும் என்றால், சேவை வீட்டுக்கு வந்திருக்கும், பராமரிப்பு வந்திருக்காது. வாரன் ஒவ்வொரு படுக்கையாக நின்று பார்த்ததும், நார்ட்டன் 5 கூறுகளை எண்ணியதும், கிட்வுட் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கச் சொன்னதும் அடிப்படையில் இந்த நேரத்தைத்தான் கோரின. முதியோருக்கான நபர்மையப் பராமரிப்பின் அடுத்த கட்டம் ஒரு செவிலியர் ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.