சென்னைக்குச் சோறு போட்டவர்கள்

சென்னையில் பேர்பெற்ற உணவகங்களில் பெரும்பாலானவற்றைத் தொடங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மசால் தோசையை நகரத்துக்குப் பழக்கினார்கள். உத்தரப் பிரதேசத்து மதுராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் திருவல்லிக்கேணியில் சாம்பார் இட்லிக்குப் பேர்வாங்கியது. திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் பிரியாணிக் கடையும் வைத்தார்கள், சைவ ஹோட்டலும் வைத்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடற்கரைச் சாலையில் அத்தோ விற்றார்கள். பிழைக்க வந்தவர்கள், தங்களைப் போலவே பிழைக்க வந்த மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டதில்தான் இந்நகரத்தின் ஹோட்டல் தொழில் வளர்ந்தது. சமைப்பவர் யார், பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளும் நெடுங்காலம் அந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தின.

சத்திரமும் விடுதியும்

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலோரத்தில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியபின், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் குடியும் உணவும் தரும் விடுதிகள் தோன்றின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மவுண்ட் ரோடு வட்டாரத்தில் டேஞ்சலிஸ், கன்னிமாரா போன்ற ஆடம்பர ஹோட்டல்கள் எழுந்தன. கன்னிமாரா, 1886 முதல் 1890 வரை மாகாண ஆளுநராக இருந்தவரின் பெயரைத் தாங்கியது. ஐரோப்பியர்களையும் மிகச் சில சீமான்களையும் தவிர மற்றவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஊர் மக்களுக்கு வெளிச்சாப்பாடு என்பதே அரிதாக இருந்தது. வழிப்போக்கர்கள் கட்டுச்சோறு கொண்டுவந்தார்கள். இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டில் கை நனைத்தார்கள். அதுவும் இல்லையென்றால் சத்திரத்தில் தங்கிச் சமைத்துக்கொண்டார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இன்றும் நிற்கும் ராமசாமி முதலியார் சத்திரம் அப்படிப்பட்ட பயணிகளுக்காகக் கட்டப்பட்டதே. முன்பின் தெரியாதவர் சமைத்ததை உண்பது தீட்டு என்று கருதப்பட்ட சமூகத்தில், சமைத்த சோற்றை விலைக்கு விற்பது மதிப்பான தொழிலாக இருக்கவில்லை.

காப்பி கிளப்

ரயிலும் கச்சேரியும் கல்லூரியும் இந்த நிலையை மாற்றின. சென்ட்ரல் நிலையம் 1873இலும், உயர் நீதிமன்றக் கட்டடம் 1892இலும், எழும்பூர் நிலையம் 1908இலும் திறக்கப்பட்டன. குமாஸ்தாக்கள், வக்கீல்கள், வழக்குக்காக வந்த மிராசுதாரர்கள், மாணவர்கள் என்று வீட்டை விட்டு வந்த ஆண்களின் கூட்டம் ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பெருகியது. இவர்களுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி கிளப்புகள் பரவின. கிளப் என்று பெயர் இருந்தாலும் உறுப்பினர், சந்தா எதுவும் கிடையாது. நீண்ட பெஞ்சு, பித்தளை டவரா டம்ளர், இலையில் இட்லி அல்லது உப்புமா, கல்லாவில் முதலாளி: கடை அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இட்லியும் தோசையும் பெரும்பாலான வீடுகளில் தீபாவளிக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரிய பலகாரங்கள். உரலில் மாவாட்டும் பாடு அதற்கு ஒரு காரணம். அரிசிச் சோறே எல்லார் வீட்டிலும் அன்றாடம் இல்லை என்பது மற்றொரு காரணம். தினமும் காலையில் சுடச்சுட இட்லி கிடைக்கும் என்ற நிலையை உண்டாக்கியது காப்பி கிளப். நகரத்துக் காலைச் சிற்றுண்டி வீட்டு அடுப்பிலிருந்து கடைக்குப் போகவில்லை. கடையிலிருந்துதான் வீட்டுக்கு வந்தது.

இக்கடைகளில் பெரும்பாலானவற்றைப் பிராமணர்கள் நடத்தினார்கள். பிராமணர் சமைத்ததை எந்தச் சாதியாரும் உண்ணலாம் என்ற வழக்கம் அவர்களுக்குத் தொழிலில் பெரிய வசதியாக இருந்தது. 'பிராமணாள் காப்பி கிளப்' என்ற பலகையே வாடிக்கையாளரை அழைக்கும் விளம்பரமாயிற்று. ஆனால் சமையல் எல்லாருக்கும் ஏற்புடையது என்றாலும் பந்தி எல்லாருக்கும் பொதுவாக இல்லை. பிராமணர்களுக்கு உள்ளே தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்று பல கடைகளில் தடுப்பு இருந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு வாசலுக்கு உள்ளே வரவே உரிமை இல்லை.

உடுப்பி வழி

உடுப்பியில் மத்துவர் 13ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய கிருஷ்ணர் கோயிலும் அதைச் சார்ந்த எட்டு மடங்களும் யாத்திரிகர்களுக்கு அன்றாடம் பெருந்திரளாகச் சோறு போட்டுவந்தவை. நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே ருசியில், வெங்காயமும் பூண்டும் இல்லாமல், வேகமாகச் சமைத்துப் பரிமாறும் திறமை அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஊறியிருந்தது. நிலமில்லாத ஏழைப் பிராமண இளைஞர்கள் அந்தத் திறமையை மட்டும் மூலதனமாக வைத்துக்கொண்டு சென்னைக்கும் பம்பாய்க்கும் கிளம்பினார்கள்.

சென்னையில் அவர்களில் தலைசிறந்தவர் கே. கிருஷ்ண ராவ். உடுப்பிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சமையலறை எடுபிடியாக வேலை பார்த்து, ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் சிறு கடை நடத்திப் பழகியவர். மவுண்ட் ரோட்டில் அவர் நடத்திய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் அவரை நகரமறிய வைத்தது. 1930களின் இறுதியில் ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து வுட்லண்ட்ஸ் ஹோட்டலைத் திறந்தார். சைவச் சாப்பாட்டுடன் தங்கும் அறைகளும் கொண்ட அந்த ஹோட்டலுக்குச் சங்கீத வித்வான்களும் சினிமாக்காரர்களும் வந்தார்கள். 1952இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ வுட்லண்ட்ஸ் வந்தது. 1962இல் கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்து நிலத்தில் டிரைவ்-இன் திறக்கப்பட்டது. மர நிழலில் கார்களை நிறுத்தி உள்ளே இருந்தபடியே சாப்பிடலாம். தட்டு கார் ஜன்னலுக்கே வரும். கார் இல்லாதவர்களும் உள்ளே மேசையில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம் என்பதால் எழுத்தாளர்கள், மாணவர்கள், விற்பனைப் பிரதிநிதிகள் எனப் பலருக்கு அது அலுவலகமாகவே இருந்தது.

மைசூரில் தொழில் தொடங்கிய கே. சீதாராம ராவ் 1954இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் ஹோட்டலைத் திறந்தார். குடும்பத்தோடு போய் ஐஸ்கிரீம் சாப்பிடும் வழக்கத்தைச் சென்னை நடுத்தர வர்க்கம் அங்கே கற்றது. காப்பி கிளப் ஆண்களின் இடமாக இருந்தது. பெண்களும் குழந்தைகளும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய சைவ ஹோட்டலை நிலைப்படுத்தியது உடுப்பிக்காரர்களின் சாதனை.

தனிப் பந்தி ஒழிந்த விதம்

பந்திப் பிரிவினை தானாக ஒழியவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்ததை எதிர்த்துப் பெரியாரும் அவரது இயக்கத்தாரும் தொடர்ந்து எழுதியும் போராடியும் வந்தார்கள். 1941இல் ரயில்வே நிர்வாகங்கள் அந்தப் பிரிவினையைக் கைவிட்டன. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடைகளுக்குள்ளும் உணவகங்களுக்குள்ளும் நுழைவதைச் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்றது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் மீறுவோருக்குத் தண்டனை வகுத்தது.

சட்டப்படி எல்லாரும் உள்ளே வரலாம் என்றான பிறகும் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் நீடித்தது. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு திராவிடர் கழகத்தார் மறியலைத் தொடங்கினார்கள். நாள்தோறும் தொண்டர்கள் வந்து கைதானார்கள். போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. இறுதியில் அந்தச் சொல் நீக்கப்பட்டது. மற்றக் கடைகளின் பலகைகளிலிருந்தும் அது படிப்படியாக மறைந்து, அந்த இடத்தில் 'உயர்தர சைவ உணவகம்' என்பது வந்தது. வாடிக்கையாளருக்குச் சமையல்காரரின் சாதியைச் சொல்லிவந்த பலகை, அதன்பின் அடுப்பில் என்ன வேகிறது என்பதை மட்டும் சொன்னது.

பிரியாணியும் மிலிட்டரி ஹோட்டலும்

கறிச்சோற்றின் வரலாறு வேறு பாதையில் நடந்தது. ஆற்காடு நவாபு குடும்பம் 18ஆம் நூற்றாண்டில் திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பகுதியில் குடியேறியதிலிருந்தே அங்கே முஸ்லிம் சமையல் வேரூன்றியிருந்தது. பொதுவான ஹோட்டல் உணவாக அதைக் கொண்டுவந்ததில் ஏ.எம். புஹாரிக்குப் பெரும் பங்கு உண்டு. கொழும்பில் ஹோட்டல் தொழிலில் தேர்ந்த அவர் 1951இல் மவுண்ட் ரோட்டில் புஹாரி ஹோட்டலைத் திறந்தார். 'சிக்கன் 65' அங்கே 1965இல் பிறந்தது என்று அந்த ஹோட்டல் கூறுகிறது. எண்ணுக்கு வேறு விளக்கங்களும் ஊரில் உலவுகின்றன. ஆனால் அந்தப் பதார்த்தம் சென்னையிலிருந்துதான் பரவியது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை.

மிலிட்டரி ஹோட்டல் என்றால் அசைவம் கிடைக்கும் என்று பொருள். கூலித் தொழிலாளர்களும் லாரிக்காரர்களும் சாப்பிட்ட அந்த எளிய கடைகளிலிருந்து சில பெரிய நிறுவனங்கள் வளர்ந்தன. ராயப்பேட்டையில் 1954இல் பொன்னுசாமி ஹோட்டலும், 1964இல் அஞ்சப்பரும் தொடங்கப்பட்டன. பின்னாளில் 'செட்டிநாடு' என்ற அடைமொழி அசைவ உணவகங்களுக்கு மதிப்பைக் கூட்டியது. காரைக்குடி வட்டாரத்து வீட்டுச் சமையலுக்கும் இந்தக் கடைகளின் மிளகுக் காரத்துக்கும் எப்போதும் நெருங்கிய உறவு இருந்தது என்று சொல்ல முடியாது. இதே காலத்தில் தெருமுனைகளைப் பிடித்தது நாயர் டீக்கடை. மலையாளிகள் நடத்திய அந்தக் கடைகள் காப்பி ஊரில் தேநீரை உழைப்பாளியின் பானமாக்கின.

மெஸ்சும் மேன்ஷனும்

திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் ஓர் அறையை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த பிரம்மச்சாரிகளுக்கு மெஸ்தான் வீடு. மாத டோக்கன், அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு, எடுப்புச் சாப்பாடு என்று அவரவர் சம்பளத்துக்கு ஏற்ற ஏற்பாடுகள் இருந்தன. கூட்ட நேரத்தில், சாப்பிடுகிறவர் எழுந்ததும் உட்காருவதற்காக அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். மயிலாப்பூரில் ராயர் கபேயும் கற்பகாம்பாள் மெஸ்சும் சின்ன இடத்திலேயே பெரிய பெயர் எடுத்தன. திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கிய ரத்னா கபே, இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத் தந்து, கேட்கக் கேட்கச் சாம்பார் ஊற்றியது. மதுராவிலிருந்து வந்த குடும்பம் நடத்திய கடை அது.

வடக்கேயிருந்து வந்த மார்வாடி, குஜராத்தி வணிகர்களால் சவுகார்பேட்டையில் கச்சோரியும் ஜிலேபியும் பாதாம் பாலும் கிடைத்தன. 1960களில், பர்மாவில் கடைகளும் தொழில்களும் தேசவுடைமை ஆக்கப்பட்டதும் தமிழர்கள் பெருங்கூட்டமாகத் திரும்பினார்கள். அவர்களுக்குப் பாரிமுனை அருகே பர்மா பஜார் கிடைத்தது. அதை ஒட்டிய தெருக்களில் அத்தோ, மொய்ங்கா விற்கும் தள்ளுவண்டிகள் முளைத்தன. நூடுல்ஸுடன் வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு சேர்த்துக் கையால் பிசைந்து தரும் அத்தோ இப்போது வடசென்னையின் சொந்த உணவாகவே கருதப்படுகிறது.

1981க்குப் பின்

1981 டிசம்பரில் கே.கே. நகரில் சரவண பவன் திறக்கப்பட்டது. தூத்துக்குடிப் பக்கத்துப் புன்னையடியிலிருந்து வந்து மளிகைக் கடை நடத்திவந்த பி. ராஜகோபால் அதன் நிறுவனர். சைவ ஹோட்டல் நடத்தப் பிராமணராகவோ உடுப்பிக்காரராகவோ இருக்க வேண்டியதில்லை என்பதை இந்த வெற்றி உறுதிப்படுத்தியது. எல்லாக் கிளையிலும் ஒரே ருசி, பளிச்சென்ற மேசை, ஊழியர்களுக்குத் தங்குமிடமும் மருத்துவ உதவியும் என்ற அமைப்பு மற்றவர்களுக்கு முன்மாதிரி ஆனது. 2000இல் துபாயில் தொடங்கி வெளிநாடுகளிலும் கிளைகள் வந்தன. ராஜகோபால் பின்னர் ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்த 2019ஆம் ஆண்டிலேயே இறந்தார். நிறுவனம் தொடர்ந்து நடக்கிறது.

இந்த வளர்ச்சிக்கு வெளியே, உட்கார இடமில்லாத கையேந்தி பவன்களே ஏழைகளுக்கும் இரவுப் பணியாளர்களுக்கும் சோறு போட்டன. 2013 பிப்ரவரியில் மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். 2020 பொதுமுடக்கத்தில் மற்றக் கடைகள் மூடியிருந்தபோதும் இவை இயங்கின.

பழைய பெயர்களில் சிலவற்றை நிலத்தின் விலையும் குத்தகை வழக்கும் விழுங்கிவிட்டன. வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலைத் தாசப்பிரகாஷும் இப்போது இல்லை. உணவைக் கைப்பேசிச் செயலியில் வரவழைக்கும் பழக்கம் பரவியபின், வாடிக்கையாளர் உட்கார இடமே இல்லாத, சமையலறை மட்டும் கொண்ட கடைகளும் வந்துவிட்டன.

தொழிலில் ஆள்வரத்து மட்டும் நிற்கவில்லை. உடுப்பியிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் பையன்கள் வந்து நிரப்பிய சமையலறைகளில் இப்போது பீகார், ஒடிசா, அசாம், மணிப்பூர், நேபாளத்து இளைஞர்கள் தோசை வார்க்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த மோமோ மாலை நேரத் தள்ளுவண்டிகளில் பஜ்ஜிக்குப் பக்கத்திலேயே விற்கிறது.