தோல் வட்டாரத்து இளையோர் நாவல்கள்

வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்து இளையோர் நாவல்கள் என்று தமிழில் தனியாக ஒரு வகை பெயர் பெற்றதில்லை. பாலாற்றங்கரையில் வளர்ந்த எழுத்தாளர்கள் இளவயதினரை நடுவில் வைத்து எழுதியவற்றையும், தோல் தொழிலாளர் வாழ்வை எழுதிய வேற்றூர் நாவல்களையும் சேர்த்துப் படிக்கும்போது அப்படி ஒரு வரிசை கண்ணுக்குத் தெரிகிறது. மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ (1958), அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’ (2001), திண்டுக்கல்லைக் களமாகக் கொண்ட டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) ஆகிய மூன்றும் இதில் முதன்மையானவை. கொங்கு நாட்டுப் பண்ணைச் சிறுவர்களைப் பற்றிய பெருமாள் முருகனின் ‘கூளமாதாரி’யையும் (2000) ஒதுக்க முடியாது. இந்த நாவல்களில் வாள் எடுப்பவர் இல்லை. கெட்டுப்போக எல்லா வாய்ப்பும் இருந்தும் கெடாமல் நிற்பது, போன நிலத்தை நம்முடையது என்று உரக்கச் சொல்வது, முதலாளி வீட்டாள் மேல் கை ஓங்குவது ஆகியவையே இவற்றில் துணிவு.

வட்டாரம்

ராணிப்பேட்டை, வாலாசாப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் அதற்குச் சற்று விலகியும் அமைந்த ஊர்கள் தோல் பதனிடுதலால் வளர்ந்தவை. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இவை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குள் சிதறின. ஆனாலும் தொழிலும் பேச்சும் ஒன்றுதான். தொழிற்சாலையை மக்கள் ‘தோல் ஷாப்பு’ என்பார்கள். செருப்பும் காலணியும் தைக்கும் இடம் ‘ஷூ கம்பெனி’.

முதலில் ஆவாரம்பட்டை ஊறலில் தோலைப் பதப்படுத்தி அரைகுறையாகவே கப்பலேற்றினார்கள். பதப்படுத்தித் தீர்த்த தோலையும் காலணியையும்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று 1970களில் மத்திய அரசு கொள்கையை மாற்றியது. குரோமிய உப்பும் எந்திரமும் பெருகியது அதற்குப் பிறகுதான். வணிகம் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் கையில் இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஆற்றுக்கும் கிணற்றுக்கும் என்ன நேர்ந்தது என்பதை, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு பதிவு செய்தது. கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பால். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, அங்கேயே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் இறந்தார்கள்.

இதே வட்டாரத்தில் பீடிக்கும் நெடிய வரலாறு உண்டு. முன்பணத்துக்காகப் பீடி சுற்ற அடமானம் வைக்கப்பட்ட சிறுவர்களைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 1996இல் வெளியிட்ட அறிக்கையில், அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் முக்கிய இடம் பெற்றது. குழந்தைப் பருவம் இங்கே பலருக்குச் சீக்கிரமே முடிந்துவிடுவது புனைகதைக்காரரின் கற்பனை அன்று.

தோலில் வந்த பணம் படிப்புக்கும் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிக்குப் பின்னால் வணிகர்களின் கொடை இருந்தது. ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்த நாகூர் ரூமி, பிழைப்புக்காகக் கடல் கடந்த இளைஞனைப் பற்றிக் ‘கப்பலுக்குப் போன மச்சான்’ எழுதினார். அந்தக் கதை தன் ஊரான நாகூரைத் தேடிப் போய்விட்டது. ஆம்பூருக்கு அதில் பங்கில்லை.

அகல் விளக்கு

மு.வ. (1912–1974) இந்த மண்ணின் பிள்ளை. வாலாசாவை அடுத்த வேலம் அவர் வளர்ந்த ஊர். திருப்பத்தூரில் படித்து, அங்கேயே தாலுகா அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். உடல் நலம் கெட்டதால் அந்த வேலையை விட்டார். முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்று, தனியாகப் படித்தே 1935இல் வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்றார். பிறகு திருப்பத்தூரில் தமிழாசிரியர், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியர், கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். சிறு ஊரில் நோயோடும் வசதிக்குறைவோடும் போராடிப் படித்து மேலே வந்தவரின் அனுபவம் அவர் நாவல்களின் அடியில் ஓடுகிறது. அவற்றில் மிகத் தெளிவாக ஓடுவது ‘அகல் விளக்கு’. இதற்கு 1961இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கதை வாலாசாவில் தொடங்குகிறது. சொல்பவன் வேலய்யன். பெருங்காஞ்சி என்ற சிற்றூரிலிருந்து படிப்பதற்காக வந்து பக்கத்து வீட்டில் தங்குகிறான் சந்திரன். அழகன், அறிவாளி, எதிலும் முதல். வேலய்யன் நடுத்தரம், சந்திரனைப் பார்த்து வியப்பதிலேயே அவன் சிறுவயது கழிகிறது. சந்திரன் சென்னைக் கல்லூரிக்குப் போகிறான், வேலய்யனும் பின்னால் போய்ச் சேர்கிறான். இமாவதி என்ற பெண் நட்பாகப் பழகுவதைச் சந்திரன் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். அது இல்லை என்று தெரிந்ததும் படிப்பை உதறிவிட்டு யாருக்கும் சொல்லாமல் நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிவிடுகிறான். அதற்குப் பின் சரிவுதான். தொழுநோய் வந்து, இளவயதிலேயே இறக்கிறான். வேலய்யன் படித்து, வேலைக்குப் போய், மணம் செய்து, சாதாரணமாக வாழ்கிறான். காற்றில் அணைந்த பெருஞ்சுடர் ஒன்று, அணையாமல் எரிந்த அகல் ஒன்று என்பதே தலைப்பின் பொருள்.

எளிய நீதிக்கதை போலத் தோன்றும் இந்த அமைப்பில் ஒரு விசித்திரம் இருக்கிறது. துணிச்சல்காரன் என்று ஊர் சொல்லக்கூடியவன் சந்திரன்தான். வீட்டை விட்டு ஓடுகிறான், மலை ஏறுகிறான், கட்டுகளை உடைக்கிறான். ஆனால் நாவல் அவனைக் கோழை என்று நிறுவுகிறது: ஒரு தோல்வியை நேரே பார்க்கத் தெரியாதவன். வேலய்யனுக்குச் சாகசம் எதுவும் கிடையாது. தான் சுமாரானவன் என்ற உண்மையோடு அன்றாடம் வாழ்வது அவன் துணிவு. இளம் வயதில் கணவனை இழந்து, ஊர்ப்பேச்சுக்கு நடுவில் இந்தச் சிறுவர்களிடம் அக்காளைப் போல அன்பு காட்டும் பாக்கியம், இருவரையும்விட வலிமையான பாத்திரம். நாவலாசிரியர் அவளுக்கு இன்னும் நூறு பக்கம் கொடுத்திருக்கலாம்.

மு.வ.வின் பாத்திரங்கள் பேசுவதில்லை, கட்டுரை வாசிக்கிறார்கள் என்பது நவீனத்துவ விமரிசகர்கள் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என்று இளைஞர்களுக்குக் கடித நூல்கள் எழுதிய அறிவுரையாளர் நாவலுக்குள்ளும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் பள்ளியிறுதித் தேர்வில் தேறுவதும் தவறுவதும் ஒரு குடும்பத்தின் தலைவிதியாக இருந்த காலத்தில், வட ஆற்காட்டுச் சிறுநகரத்து மாணவனின் அச்சத்தைப் பொருட்படுத்தி எழுதியவர் அவர். அந்த நூலைக் கல்யாணப் பரிசாகவும் பள்ளிப் பரிசாகவும் வாங்கிக் கொடுத்த தலைமுறை அதை விமரிசகருக்காகப் படிக்கவில்லை.

தோல் தொழில் இந்த நாவலின் பொருளன்று. பாலாற்றின் இரு பக்கமும் ஷாப்புகள் இயங்கிய காலத்திலேயே எழுதப்பட்டும், தொட்டியில் இறங்கிய பையன் இதில் நாயகன் ஆகவில்லை. மு.வ.வின் அகல் படித்தவன் வீட்டு மாடத்தில் எரிந்தது. சேரி வீட்டு மாடத்துக்கு விளக்கு வர இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தகப்பன் கொடி

பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் 1968இல் பிறந்தவர். இயற்பெயர் அரவிந்தன், தொழில் பள்ளி ஆசிரியர். ‘தீட்டு’ சிறுகதைத் தொகுப்பு அவரை அறிமுகப்படுத்தியது. முதல் நாவலான ‘தகப்பன் கொடி’ தமிழக அரசின் விருதைப் பெற்றது. பிற்பாடு பறை இசைக்கும் மக்களின் தன்மானத்தைப் பொருளாகக் கொண்டு ‘வல்லிசை’ எழுதினார்.

‘தகப்பன் கொடி’யின் நடுவில் நிற்பவன் அம்மாசி. அவன் வழியாக, நிலம் வைத்திருந்த ஒரு தலித் குடும்பம் அதை இழந்த வரலாறு விரிகிறது. இதன் பின்னணியைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அளித்த அறிக்கையை அடுத்து, 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற அந்த நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்க முடியாது என்பது விதி. விதி ஏட்டில் இருந்தது. நிலம் கடனுக்கும் கைநாட்டுக்கும் மிரட்டலுக்கும் போயிற்று. 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். நாவல் வெளிவந்தது அதற்கு 7 ஆண்டுகள் கழித்து.

நிலம் போனவனுக்குப் பண்ணையை விட்டால் தோல் ஷாப்பு என்பது பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்துச் சேரிகள் அறிந்த பாதை. ஷாப்பு வேலை உடம்பை அரித்தாலும் வாரக் கூலியைக் கையில் கொடுத்தது. ஆண்டையின் வாசலில் நின்று கூழுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தோல் தொழில் தலித்துகளுக்குச் செய்தது நன்மையா தீமையா என்று வெளியூர்க்காரர் கேட்கும் கேள்விக்கு இந்த வட்டாரத்தில் ஒற்றைப் பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். அழகிய பெரியவனின் எழுத்து அந்தச் சிக்கலை உள்ளிருந்து அறிந்த எழுத்து. அவருடைய உரையாடல்களில் வட ஆற்காட்டுப் பேச்சு எந்தக் கூச்சமும் இல்லாமல் வருகிறது. மு.வ.வின் வாலாசாக்காரர்கள் பேசும் செந்தமிழுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே மாவட்டத்தின் இரண்டு நாவல்கள் என்று நம்புவது கடினம்.

தோல்

திருநெல்வேலி மாவட்டம் தென்கலத்தில் பிறந்த டி. செல்வராஜ் (1938–2019) திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தவர். ‘மலரும் சருகும்’, ‘தேநீர்’ முதலிய நாவல்களுக்குப் பிறகு, எழுபதைக் கடந்த வயதில் ‘தோல்’ எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. களம் பாலாறு அன்று, திண்டுக்கல். ஆனாலும் தமிழில் தோல் பதனிடும் இடத்தின் உள்ளே கதையை முழுதாக நடத்திய நாவல் என்பதால் வேலூர்க்காரர் படிக்கையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

ஓசேப்பு என்ற இளைஞன் ஷாப்பில் கடனுக்குக் கட்டுப்பட்ட தொழிலாளி. அருக்காணி என்ற பெண்ணிடம் முதலாளி வீட்டு ஆள் தவறாக நடக்கும்போது ஓசேப்பின் கை நீண்டுவிடுகிறது. நாவலின் தொடக்கத்திலேயே அடி விழுந்துவிடுகிறது. மீதி முழுவதும் அந்த அடிக்குப் பின் என்ன செய்வது என்பதைப் பற்றியது. சினிமாவில் உச்சக்காட்சியாக வைக்கக்கூடியதைச் செல்வராஜ் முதலில் வைத்தது இந்த நாவலின் பெரிய பலம். ஒருவன் அடிப்பது சுலபம், அவனைக் காட்டிக்கொடுக்காமல் மற்றவர்கள் நிற்பது கடினம். தொழிலாளர்கள் மெல்ல மெல்லச் சங்கமாகிறார்கள். மேல்சாதியில் பிறந்து பொதுவுடைமைக்காரனான வழக்கறிஞன் சங்கரன் அவர்களோடு வந்து சேர்கிறான். திண்டுக்கல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. பாலசுப்ரமணியத்தின் சாயல் அந்தப் பாத்திரத்தில் உண்டு.

கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கியதும், நெசவாளர்களைப் பற்றி அவரே ‘பஞ்சும் பசியும்’ எழுதியதும் போட்ட பாதையில் வந்தவர் செல்வராஜ். அதனால் பாத்திரக் கூட்டம் பெரிது, கொள்கைப் பேச்சும் உண்டு. சில இடங்களில் நாவல் சங்க வரலாறாகிவிடுகிறது. சுண்ணாம்பில் வெந்த கைகால்களை விவரிக்கும் பக்கங்களில் அந்தக் குறை மறந்துபோகும்.

உலக அளவில் தொழிற்சாலைச் சிறுவனை நாவலுக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1824இல், 12 வயதில், லண்டனில் காலணி மை தயாரிக்கும் பட்டறையில் புட்டிகளுக்குத் தாள் ஒட்டினார். கால் நூற்றாண்டு கழித்து அது ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ ஆயிற்று. அவர் தன்னைப் பற்றி எழுதினார், செல்வராஜ் தன் கட்சிக்காரர்களைப் பற்றி எழுதினார்.

கூளமாதாரி

ஆண்டுக்கூலிக்குக் கவுண்டர் வீடுகளில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர் சிறுமியர் கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி ஆகியோரின் கதை. வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக வெளிநாட்டு வாசகரையும் அடைந்தது. தோல் ஷாப்பு இதில் இல்லை. செருப்புத் தைத்த சமூகத்தின் பிள்ளைகள் என்ற ஒட்டு மட்டும் உண்டு. இங்கே துணிவுக்கு வெற்றி எதுவும் பரிசாகக் கிடைப்பதில்லை. இந்த வரிசையிலேயே கலைநயத்தில் மேலானது இதுதான்.

எழுதப்படாத பக்கம்

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் இன்று பெரும்பகுதி வேலை செய்வோர் பெண்கள், அவர்களிலும் இளம்பெண்கள் மிகுதி. விடியற்காலையில் கம்பெனி பேருந்து கிராமம் கிராமமாக நின்று அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. தம்பியின் படிப்புச் செலவும் தன் கல்யாண நகையும் அந்தச் சம்பளத்தில்தான் சேருகின்றன. கூலிப் பேச்சுக்கு எழுந்து நிற்பதும், மேற்பார்வையாளனின் நாக்கை அடக்குவதும், பிடித்தவனை மணந்துகொள்வதும் அவர்களுக்கு நாவலுக்குரிய துணிவுதான். அருக்காணிக்காக ஓசேப்பு கை ஓங்கினான். அருக்காணி தானே எழுந்து நிற்கும் நாவலுக்குத் தமிழில் இடம் காத்திருக்கிறது. அதை வெளியிலிருந்து போய் ஆராய்ந்து எழுதுபவரைவிட, தையல் எந்திரத்தின் முன் பத்து வருடம் உட்கார்ந்த ஒருத்தி எழுதினால் நன்றாக இருக்கும்.

பள்ளி மாணவர்கள் ‘அகல் விளக்கி’ல் தொடங்கலாம், ‘கூளமாதாரி’யைச் சற்று வளர்ந்த பிறகு எடுக்கலாம். ‘தோல்’ பெரிய நாவல், விடுமுறைக்கு ஏற்றது. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் நூலகர்களும் ஆசிரியர்களும் ‘தகப்பன் கொடி’யை மட்டுமாவது தங்கள் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும்.