எப்பிங் காடும் ஏழைகளின் கோடரியும்

வரலாற்றுப் பாடநூல்களிலே இங்கிலாந்தின் நிலவடைப்பு இயக்கம் பெரும்பாலும் விவசாய முன்னேற்றத்தின் ஓர் அத்தியாயமாகவே இடம்பெறுகின்றது. புதிய பயிர்முறை, பெருகிய விளைச்சல், ஆலைத் தொழிலாளருக்கு வேண்டிய உணவு என்று மாணவர் மனனஞ் செய்கின்றனர். வேலி எழுந்தபோது அதற்கு வெளியே நின்றவன் என்ன செய்தான் என்ற வினா வகுப்பறையில் அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை தரும் நிகழ்ச்சிகளுள் ஒன்று, இலண்டன் மாநகரின் வடகிழக்கே அமைந்த எப்பிங் காட்டின் வரலாறாகும்.

காடு என்று கூறினும் எப்பிங் மனிதக் கை படாத வனமன்று. மரச்செறிவும் மேய்ச்சற் புற்றரையும் கலந்த அந்நிலத்தில் வேட்டையுரிமை அரசருக்கும், மண்ணுரிமை நிலப்பிரபுக்களுக்கும் இருந்தன. சுற்றியிருந்த ஊரவர்க்கு மாடு மேய்க்கும் உரிமை இருந்தது. லௌட்டன் முதலிய சில ஊர்களில் விறகுக்காகக் கிளை தறிக்கும் உரிமையும் வழங்கி வந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 11ஆந் திகதி நள்ளிரவில் முதற் கிளையைத் தறித்துத் தொடங்கி, ஏப்பிரில் 23 வரை அவர்கள் விறகு சேர்ப்பர். நள்ளிரவில் தறிக்கத் தவறின் உரிமையே அற்றுப்போகும் என்பது ஊரவர் நம்பிக்கை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் விரிந்தது. 1856இல் லௌட்டன் வரை புகையிரதம் ஓடிற்று. விறகு தந்த மண் வீட்டுமனையாய் விலைபேசப்பட்டது. அண்டையிலிருந்த ஹெயினோல்ட் காடு 1851ஆம் ஆண்டுச் சட்டத்தால் காட்டுநிலை நீக்கப்பட்டு, அதன் பெரும்பகுதி வேரோடு அழிக்கப்பட்டிருந்தது. எப்பிங்கிலோ முடியாட்சி தன் உரிமைகளை நிலப்பிரபுக்களுக்கு விற்க, வேலிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. லௌட்டனில் நிலப்பிரபுவாகவும் தேவாலயக் குருவாகவும் ஒருங்கே விளங்கிய ஜோன் விட்டேக்கர் மெயிற்லண்ட் ஆயிரம் ஏக்கருக்கு மேல் அடைத்துக்கொண்டார்.

அவ்வூரின் முதிய உழைப்பாளி தோமஸ் வில்லிங்கேல் இதற்குப் பணிந்தாரல்லர். கிளை தறிப்போருக்கு அந்த நள்ளிரவில் விருந்து வைத்து, அவர்களை நேரம் மறக்கச் செய்ய ஒரு சூழ்ச்சி நடந்ததென்றும், வில்லிங்கேல் மட்டும் கோடரியுடன் வெளியேறி ஒரு கிளையோடு திரும்பினாரென்றும் ஊரிலே ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1866இல் அவர் குடும்பத்தினர் கிளை தறித்த குற்றத்திற்காகச் சிறை சென்றமை வரலாறு. தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை, ஒரு வேலி எழுந்தவுடன் களவாயிற்று!

அதற்கு முந்திய ஆண்டிலேதான் ஜோர்ஜ் ஷோ லெபவர் முதலியோர் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியிருந்தனர். அறிஞர் ஜோன் ஸ்ருவட் மில்லும் அதற்குத் துணைநின்றார். சங்கத்தின் உதவியுடன் வில்லிங்கேல் கோடேறினார். ஆயின் வழக்கு முடியுமுன்னரே, 1870இல், அவர் காலமானார். வழக்கும் அவருடன் மாண்டது.

போராட்டமோ மாளவில்லை. 1871 யூலையில் காட்டின் தென்கோடியான வான்ஸ்ரெட் வெளியில் கிழக்கு இலண்டன் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வேலிகளைப் பிடுங்கி எறிந்தனர். காவற்படை வந்தபோதும் அவர்களது சினம் அடங்கவில்லை. அதே ஆண்டில் இலண்டன் மாநகராட்சி நிலப்பிரபுக்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. மயானத்திற்கென முன்னர் வாங்கிய நிலத்தோடு மேய்ச்சலுரிமையும் அதன் கைக்கு வந்திருந்தமையால், மாநகராட்சியும் சட்டப்படி ஒரு பொதுவுரிமையாளனே. மேய்ச்சலுரிமை ஊரெல்லையோடு நில்லாது காடு முழுவதற்கும் உரியது என்பதே வழக்கின் உயிர்நிலை. மாடு எல்லையறியாது, எனவே எந்த மூலையில் வேலி எழினும் அது எல்லார் உரிமையையும் மீறுவதாகும். 1874இல் நீதிபதி ஜோர்ஜ் ஜெசல் இவ்வாதத்தை ஏற்று, முந்திய இருபதாண்டுகளில் எழுந்த அடைப்புகள் சட்டவிரோதமானவை எனத் தீர்ப்பளித்தார். 1878ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை மாநகராட்சியின் பாதுகாப்பில் வைத்து, அடைப்பும் கட்டடமும் இன்றி மக்களின் பொழுதுபோக்கிற்கான திறந்தவெளியாய்ப் பேணப் பணித்தது. இன்று அது ஏறத்தாழ 6,000 ஏக்கர்.

எனினும் இவ்வெற்றியின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. எந்தக் கிளை தறிக்கும் உரிமைக்காக மனிதர் சிறை புகுந்தனரோ, அவ்வுரிமையை இதே சட்டம் நட்டஈடு கொடுத்து ஒழித்தது. அந்தப் பணத்தின் ஒரு பகுதியைக்கொண்டு லௌட்டனில் எழுந்த மண்டபம் 1884இல் திறக்கப்பட்டது. கிளை தறித்தலின் பெயரையே அது இன்றும் தாங்கி நிற்கின்றது. உரிமை போயிற்று, பெயர் மிஞ்சிற்று. 1882இல் விக்ரோறியா மகாராணியார் எழுந்தருளி அக்காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார். மக்கள் தமதென்று போராடி மீட்டதையே முடியாட்சியின் கொடையாக அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று!

தறிப்பு நின்றபின் மரங்களின் நிலையும் மாறிற்று. தலைதறித்த மரங்கள் கட்டின்றிக் கிளைத்துப் பாரமேறின. அவற்றின் அடர்நிழலில் கீழ்ச்செடிகள் அருகின. ஆகவே அண்மைக்காலத்தில் காட்டின் காவலரே சில பகுதிகளில் மீண்டும் தறிப்பை மேற்கொண்டுள்ளனர். அழிப்பவனென்று சிறையிலிடப்பட்ட ஏழையே அக்காட்டை உருவாக்கியவன் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நகரங்கள் பெருகும் இடமெல்லாம் அயலிலுள்ள வயலும் வெளியும் விலைப்பொருளாகின்றன. அவற்றின் அழகைப் பாடுவோர் பலர். ஆயினும் எப்பிங் காட்டை மீட்டது இயற்கைக் காதல் மட்டுமன்று. அங்கே மாடு மேய்த்தவனின், விறகு தறித்தவனின் பழைய உரிமையே நீதிமன்றில் நின்று பேசிற்று. வெளியைக் காப்போம் என்று புறப்படுவோர், அவ்வெளியில் உழைத்து வாழ்பவனையும் சேர்த்துக் காத்தல் வேண்டும். அவனை அகற்றிவிட்டுக் காக்கப்படும் பசுமை அரைகுறை வெற்றியே.