செயலிக் காற்றுக் கூலர்

செயலிக் காற்றுக் கூலர் என்பது மேசைக் கணினியின் செயலியில் உண்டாகும் வெப்பத்தை உலோகத் தகடுகளுக்குக் கடத்தி, அங்கிருந்து விசிறிக் காற்றில் கலக்கவிடும் கருவி. செயலி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. 120 வாட் இழுத்தால் 120 வாட் வெப்பம் வெளியேறியாக வேண்டும். இதில் பேரம் கிடையாது. சின்னக் கூலரும் அதை வெளியேற்றும், கனத்த கூலரும் வெளியேற்றும். செயலி எத்தனை டிகிரியில் நிற்கிறது, விசிறி எவ்வளவு இரைகிறது என்பதில்தான் இரண்டுக்கும் வேறுபாடு. ஆகவே கூலர் தேர்வு பாதிக்கு மேல் இரைச்சலைப் பற்றிய தேர்வு. வெப்பநிலை எண்ணில் மட்டும் கண்வைத்து வாங்குபவர்கள் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள்.

1980களின் மேசைக் கணினிகளில் செயலிகள் மேலே எதுவும் இல்லாமல் வெறுமனே பலகையில் உட்கார்ந்திருந்தன. இன்டெல் 486 வரிசையில் வேகம் கூடிய வகைகளுக்கு உலோகத் தகடு தேவைப்பட்டது. 1993-இல் பென்டியம் வந்த பிறகு விசிறி வழக்கமாயிற்று. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் வெளியிட்ட ஒரு காணொளி கணினி ஆர்வலர்களிடையே பெரும் பேச்சானது. ஓடிக்கொண்டிருந்த கணினிகளிலிருந்து கூலரைக் கழற்றியபோது பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஏஎம்டி அத்லான் நொடிகளில் கருகியது. இன்றைய செயலிகள் எல்லாவற்றிலும் அந்தத் தற்காப்பு உண்டு. வெப்பம் எல்லையைத் தொட்டால் செயலி தானே வேகத்தைக் குறைக்கும்; அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். போதாத கூலர் செயலியைக் கொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

வேலை செய்யும் விதம்

சில்லில் பிறக்கும் வெப்பம் அதை மூடியிருக்கும் உலோக மூடிக்கும், தெர்மல் பேஸ்ட் வழியே கூலரின் அடித்தகட்டுக்கும், அங்கிருந்து வெப்பக்குழாய்கள் வழியே அலுமினியத் தகடுகளுக்கும் போகிறது. கடைசியில் தகட்டிலிருந்து காற்றுக்குத் தாவும் கட்டம்தான் கடினம். செம்பின் வெப்பங்கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட், அலுமினியத்துக்கு 200-க்குச் சற்று மேல், அசையாத காற்றுக்கு வெறும் 0.026. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் இத்தனை தகடுகளும் விசிறியும்.

வெப்பக்குழாய் வெளிப்பார்வைக்குத் தடித்த செம்புக் கம்பி. உள்ளே காற்றை நீக்கிச் சிறிதளவு நீரை மட்டும் அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் நீர் 100 டிகிரிக்காகக் காத்திராமல் செயலியின் பக்கம் ஆவியாகிறது. தகடுகள் இருக்கும் பக்கம் சென்று குளிர்ந்து மீண்டும் நீராகிறது. உட்சுவரில் படியவைத்த செம்புத்தூள் படலம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அந்த நீரை அடிக்கு இழுத்து வருகிறது. 1942-இல் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்லர் இந்த யோசனைக்குக் காப்புரிமை கோரினார். அப்போது அது கவனம் பெறவில்லை. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஜார்ஜ் குரோவர் தனியாக இதையே கண்டறிந்த பிறகுதான் விண்வெளித் துறை வழியாகப் பரவியது. இன்றைய கூலர்களில் 6 அல்லது 8 மி.மீ. விட்டமுள்ள குழாய்கள் நான்கோ ஆறோ இருப்பது சாதாரணம்.

கூலரின் திறனை ஒரே எண்ணில் சொல்ல வேண்டுமானால் வெப்பத்தடையைச் சொல்லலாம். வாட்டுக்கு 0.3 டிகிரி தடையுள்ள கூலரில் 100 வாட் செயலி, கூலருக்குள் வரும் காற்றைவிட 30 டிகிரி கூடுதலாக நிற்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் காற்றுக் கூலர் அந்தக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. மதிப்பாய்வுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் நடப்பவை. ஏசி இல்லாத மே மாதச் சென்னை அறையில் 35 டிகிரி வியப்பல்ல. அங்கே இருப்பவர் மதிப்பாய்வு எண்ணோடு பத்து டிகிரிக்கு மேல் கூட்டித்தான் படிக்க வேண்டும். கேபினட்டுக்குள் 300 வாட் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று கீழிருந்து அனல் விட்டால் இன்னும் சில டிகிரி. நல்ல கூலரைக் காற்றோட்டமில்லாத கண்ணாடி முகப்புக் கேபினட்டில் அடைப்பதைவிட, நடுத்தரக் கூலரோடு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று எனக் கேபினட் விசிறி வைப்பது பல சமயம் பலன் தரும்.

எத்தனை வாட்

செயலிப் பெட்டியில் அச்சாகும் டிடிபி (வெப்ப வடிவமைப்பு மின்திறன்) எண்தான் வாங்குபவரை அதிகம் குழப்புவது. இன்டெல் 2021-இல் வந்த 12-ஆம் தலைமுறை முதல் அடிப்படை மின்திறன், உச்ச டர்போ மின்திறன் என இரண்டு எண்களைத் தருகிறது. கோர் ஐ5-12400-க்கு இவை 65, 117 வாட். கோர் ஐ9-12900கே-க்கு 125, 241 வாட். கூலர் தேர்வுக்கு உதவுவது இரண்டாவது எண்ணே. ஏஎம்டியின் இப்போதைய மேசைச் செயலிகள் டிடிபியைப்போல் 1.35 மடங்குவரை இழுக்கலாம்: 65 என்று போட்டிருந்தால் 88 வாட், 105 என்றால் 142, 120 என்றால் 162, 170 என்றால் 230.

கூலர் பெட்டியின் மீதுள்ள வாட் எண்ணை நம்பவே வேண்டாம். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. எந்தச் செயலியில், எந்த அறையில், விசிறியின் எந்த வேகத்தில் அளந்தது என்று சொல்லாமல் ‘250 வாட்’ எனப் போடுவது விளம்பரம். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் வாட் எண்ணுக்குப் பதிலாகத் தன் கூலர்களுக்குள் ஒப்பிட மட்டும் ஒரு தனி மதிப்பீட்டை வைத்திருக்கிறது. நேர்மையான ஏற்பாடுதான், பிற நிறுவனக் கூலரோடு ஒப்பிட நினைப்பவருக்கு உதவாது.

வாட்டோடு கணக்கு முடிவதில்லை. அந்த வெப்பம் எவ்வளவு சிறிய பரப்பிலிருந்து கிளம்புகிறது என்பதும் முக்கியம். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் எட்டுக் கருக்கள் சுமார் 70 சதுர மி.மீ. சில்லு ஒன்றில் நெருங்கி இருக்கின்றன. அதன்மேல் உள்ள உலோக மூடியோ, பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் புது ஏஎம்5 சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தடிமனாக்கப்பட்டது. வெப்பம் கூலரை எட்டுவதற்குள்ளேயே நெருக்கடிப்படுகிறது. அதனால் இந்தச் செயலிகளில் கூலரைப் பெரிதாக்கினாலும் வெப்பநிலை எதிர்பார்த்த அளவு இறங்காது. மேலும் இந்த வரிசையின் எக்ஸ் வகைகள் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொடும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படி வடிவமைக்கப்பட்டவை. புதுக் கூலர் போட்ட பிறகும் 95 காட்டுகிறதே என்று பதறுபவர் வேக எண்ணைப் பார்க்க வேண்டும். அது சற்று ஏறியிருக்கும். வெப்பநிலை குறையத்தான் வேண்டும் என்றால் பயாஸில் ஈகோ மோடைப் போட்டு வாட்டைக் குறைப்பது எந்தக் கூலரையும்விட மலிவு.

கணினியில் என்ன வேலை நடக்கிறது என்பதும் கணக்கில் சேரும். ரைசன் 7 7800எக்ஸ்3டி-யின் டிடிபி 120 வாட். ஆனால் விளையாட்டின்போது அது 100 வாட்டை எட்டுவதே அரிது. மணிக்கணக்கில் முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்பவரின் ஐ9-க்கு உச்ச எண்தான் நிரந்தர எண்.

வடிவங்கள்

செயலியோடு இலவசமாக வருபவை பெரும்பாலும் வட்டமான அலுமினியக் கூலர்கள். 65 வாட் வகைச் செயலியை அலுவலக வேலைக்குப் பயன்படுத்துபவருக்கு ஏஎம்டியின் ரெயித் ஸ்டெல்த்தோ இன்டெல்லின் லாமினாரோ போதும். சுமை ஏறினால் இரைச்சல் கேட்கும், அவ்வளவுதான். இன்டெல்லின் கே வகைச் செயலிகளுக்கு 2015-இன் ஸ்கைலேக் தலைமுறை முதல் கூலர் கொடுக்கப்படுவதில்லை.

தனியாக வாங்குபவற்றில் செங்குத்தாக நிற்கும் கோபுர வகையே பரவலானது. 120 மி.மீ. விசிறியும் நான்கு குழாய்களும் உள்ள ஒற்றைக் கோபுரம் நடுத்தரச் செயலிகளுக்குத் தாராளம். தைவானின் கூலர் மாஸ்டர் வெளியிட்ட ஹைப்பர் 212 பல ஆண்டுகள் இந்த இடத்தை ஆண்டது. பிறகு டீப்கூல் ஏகே400 போன்றவை வந்தன. இரட்டைக் கோபுரத்துக்கு நெடுநாள் அளவுகோலாக இருந்தது 2014-இல் வந்த நாக்டுவா என்எச்-டி15: 165 மி.மீ. உயரம், இரு விசிறிகளோடு 1,320 கிராம். தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ அதைவிடப் பல மடங்கு குறைந்த விலைக்கு, சில டிகிரி வித்தியாசத்தில் வந்து நின்றபோது சந்தைக் கணக்கே மாறிப்போனது. விலையுயர்ந்த கூலருக்கு இன்று சொல்லக்கூடிய நியாயம் விசிறியின் தரமும் நெடுங்கால உத்தரவாதமும். குளிர்ச்சியில் பெரிய இடைவெளி மிச்சமில்லை.

மேலிருந்து பலகையை நோக்கி ஊதும் தட்டை வகை சிறு கேபினட்களுக்கானது. நாக்டுவா என்எச்-எல்9ஐ-யின் உயரம் 37 மி.மீ. மட்டுமே. மதர்போர்டின் மின்சீராக்கிப் பகுதிக்கும் காற்று கிடைப்பது இதில் ஒரு கூடுதல் நன்மை. விசிறியே இல்லாத என்எச்-பி1 என்ற கூலர் 2021-இல் வந்தது. மிதமான வாட்டில் ஓடும் செயலிக்கு மட்டும் அது பொருந்தும்.

பொருந்துமா

கூலரைத் திருப்பிக் கொடுக்க நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வெப்பமல்ல, மில்லிமீட்டர். கேபினட் தாங்கும் கூலர் உயரம் அதன் விவரக்குறிப்பில் இருக்கும். நடுத்தர ஏடிஎக்ஸ் கேபினட் பலவற்றில் 160 முதல் 170 மி.மீ. இரட்டைக் கோபுரத்தின் முன் விசிறி ரேமின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். என்எச்-டி15-இல் இரண்டு விசிறியும் இருந்தால் ரேமுக்குக் கிடைப்பது 32 மி.மீ. உயரம். விளக்கு வைத்த உயரமான ரேமுக்கு அது போதாது. விசிறியை மேலே தூக்கி மாட்டினால் கூலரின் உயரமும் கூடிக் கேபினட் கதவில் இடிக்கும்.

சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். இன்டெல் எல்ஜிஏ1200-இல் கூலர் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.; 2021-இன் எல்ஜிஏ1700-இல் 78 மி.மீ. ஆனது. பழைய கூலருக்கு இங்கே புது இணைப்புச் சட்டம் வேண்டும். 2024-இன் எல்ஜிஏ1851 அதே 78 மி.மீ. இடைவெளியைத் தொடர்கிறது. ஏஎம்டியின் ஏஎம்5-இல் துளை அளவு ஏஎம்4-ஐப் போன்றதே என்றாலும் பின்தகட்டைக் கழற்ற முடியாது. சொந்தப் பின்தகடு கேட்கும் ஏஎம்4 கூலர்கள் அதில் ஏறா.

பேஸ்டின் பிராண்டைப் பற்றி நடக்கும் வாதங்கள் அதன் பலனைவிடப் பெரியவை. பெட்டியோடு வரும் பேஸ்ட் பெரும்பாலும் போதும். காலியம் கலந்த திரவ உலோகம் மட்டும் எச்சரிக்கைக்கு உரியது: அலுமினியத்தை அது அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். இறுக்கும்போது திருகுகளைக் கோணத்துக்குக் கோணம் மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஏஎம்4 செயலிகளில் கூலரை நேராகப் பிடுங்கினால் காய்ந்த பேஸ்டோடு செயலியும் ஊசிகளுடன் சாக்கெட்டிலிருந்து வந்துவிடும். சற்று நேரம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்த பிறகு கூலரை மெல்லத் திருகிக் கழற்றுவது பாதுகாப்பு.

இரைச்சல்

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் இரைச்சல் சுமார் 15 டெசிபெல் குறைகிறது. பெரிய கூலரின் உண்மையான லாபம் இங்கேதான்: அதே வாட்டை அது மெதுவாகச் சுழன்றே வெளியேற்றும். நான்கு ஊசி விசிறியின் வேகத்தை மதர்போர்டு கட்டுப்படுத்தும். செயலியின் வெப்பநிலை நொடிக்கு நொடி துள்ளும் என்பதால், பயாஸில் விசிறி சில நொடி தாமதித்து ஏறும்படி வைக்காவிட்டால் அது ஏறியிறங்கி ஏறியிறங்கி எரிச்சலூட்டும். ஒரே சீரான இரைச்சல் காதுக்குப் பழகிவிடும், இது பழகாது.

காற்றா, நீரா

250 வாட்டை விடாமல் இழுக்கும் செயலிக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட நீர்க் கூலர் பொருத்தமானது. அதற்குக் கீழே நல்ல இரட்டைக் கோபுரம் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். நீர்க் கூலரில் பம்பு நின்றால் கூலரையே மாற்ற வேண்டியிருக்கும். காற்றுக் கூலரில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான், 120 மி.மீ. விசிறி எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். மற்றபடி தூசு மட்டுமே பகை. கணினியை அணைத்து, விசிறி இதழ் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் தகடுகளுக்கிடையே ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும்.