குரோமின் மேல் ஒரு போர்க்கால வண்ணம்

1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லென், சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் கனிமம் ஒன்றில் புதிய தனிமத்தைக் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் பல நிறங்களில் அமைந்திருந்தன. ஆகவே, நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'குரோமியம்' என்னும் பெயர் உருவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் அறிந்த குரோம், ஒரு மஞ்சள் வண்ணப்பொடி. 1920களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் ஃபிங்க் குரோம் மின்முலாம் முறையைத் தொழிற்சாலைக்கு உகந்ததாக்கிய பின்னரே, அச்சொல் கார்களின் வெள்ளிப் பளபளப்பைக் குறிக்கத் தொடங்கியது.

அந்தப் பளபளப்பை அமெரிக்க அரசே ஒருமுறை மூடச் செய்தது. கவச எஃகுக்கும் பந்துத் தாங்கிகளுக்கும் குரோமியம் தேவைப்பட்டதால், 1942 தொடக்கத்தில் பம்பர்கள் நீங்கலாகக் கார்களின் அலங்காரப் பகுதிகளில் குரோம் பூச்சு தடைசெய்யப்பட்டது. முன்னரே செய்து வைத்திருந்த பளபளப்பான உறுப்புகளின் மேலும் வண்ணம் பூச வேண்டியதாயிற்று. கையிருப்பு மிகுந்த நிறுவனம் சந்தையில் முந்திவிடக் கூடாது என்பதே காரணம். பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றது. எஞ்சிய கார்களைச் சேகரிப்பாளர்கள் 'பிளாக்அவுட்' கார்கள் என்பர்.

குரோமின் மேல் பூசிய வண்ணத்தை அகற்றுவது அரிதன்று. அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தில் வண்ணம் உறுதியாகப் பற்றுவதில்லை. ஆயினும் அலங்காரக் குரோம் பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் கீறல் விழும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் குரோமே கரையும். வண்ணத்தை விரைந்து உரிக்கும் மெத்திலீன் குளோரைடு மனித உயிருக்கே ஊறு விளைவிப்பது. நுகர்வோருக்கான வண்ணநீக்கிகளில் அதனை விற்பதற்கு அமெரிக்கா 2019இல் தடைவிதித்தது.

ஆனால் 1942ஆம் ஆண்டுக் கார் ஒன்றின் முன் நிற்பவருக்கு எழ வேண்டிய முதற்கேள்வி வேறு: இவ்வண்ணம் பிற்காலத்தவர் பூசியதா, தொழிற்சாலையே பூசியதா? முன்னது அழுக்கு, பின்னது ஆவணம். இரண்டையும் ஒரே கரைப்பான் கரைத்துவிடக்கூடும்.

தமிழில் 'இருட்டடிப்பு' என்னும் சொல், போர்க்காலத்தில் விளக்கை மறைப்பதையும் செய்தியை மறைப்பதையும் ஒருங்கே குறிக்கும். தொழிற்சாலை பூசிய அவ்வண்ணத்தைச் சுரண்டிப் பளபளப்பை மீட்பவர், முதற்பொருளிலான இருட்டடிப்பை நீக்கி, இரண்டாம் பொருளிலான இருட்டடிப்பைச் செய்கிறார்.