துருவத்தில் முதலை வாழ்ந்த காலமும் தடுமாறிய கணினியும்

கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் பெருங்கடலை ஒட்டிக் கிடக்கிறது எல்ஸ்மியர் தீவு. பனியும் பாறையுமான நிலம். மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டுவதில்லை. 1975ஆம் ஆண்டு அங்கே போன அமெரிக்க ஆய்வாளர்கள் மேரி டாசனும் ராபர்ட் வெஸ்ட்டும் பாறைகளுக்கிடையே கண்டெடுத்தவற்றில் ஆமை எலும்புகள் இருந்தன, அலிகேட்டர் இன முதலையின் எலும்புகளும் இருந்தன. நம் மலேசியக் காடுகளில் இன்றும் உலவும் தாப்பிரின் உறவு விலங்கு ஒன்றும் அதே தீவில் வாழ்ந்தது என்பது பின்னர் தெரியவந்தது.

அந்த எலும்புகளின் வயது ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல். இயோசீன் என்று அந்தக் காலத்துக்குப் பெயர். தீவு அப்போது தெற்கே இருந்து பிறகு வடக்கே நகர்ந்திருக்கலாம் அல்லவா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றும் எல்ஸ்மியர் துருவ வட்டத்துக்குள்ளேயே இருந்தது. மாதக்கணக்கான இருட்டு அன்றும் உண்டு. முதலையோ தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாத பிராணி. நீண்ட உறைபனியை அதனால் தாங்க முடியாது. ஆகவே, அந்த இருண்ட குளிர்காலமும் மிதமாகவே இருந்திருக்கவேண்டும்.

இங்கேதான் கணினி உள்ளே வருகிறது. பருவநிலையைக் கணிக்கும் கணினி மாதிரி பூமியையும் காற்று மண்டலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், காற்று, ஈரம் ஆகியவற்றைப் பௌதிக விதிகளின்படி கணக்கிடுகிறது. 1980களில் எரிக் பேரன் போன்ற அறிவியலாளர்கள் அதைத் தொன்மைக் காலத்தின்மீது திருப்பினார்கள். இயோசீன் காலத்துக் கண்டங்களையும் கடல்களையும் வரைந்து கொடுத்தால், கணினி மறுபடி மறுபடி ஒரே பதிலைத்தான் தந்தது. குளிர்காலத்தில் உறைபனி! முதலைக்கு அங்கே இடமே இல்லை.

1990இல் லிசா ஸ்லோனும் பேரனும் துணிந்து ஒரு கேள்வி எழுப்பினார்கள். அந்தக் காலம் உண்மையிலேயே எல்லாரும் நம்புவதுபோல மிதமானதுதானா? கண்டங்களின் உட்பகுதி உறைந்துதான் இருக்கவேண்டும் என்றது அவர்களின் கணக்கு. 1993இல் ஸ்காட் விங், டேவிட் கிரீன்வுட் இருவரும் மறுமொழி எழுதினார்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, பனைக் குடும்பத்து மரங்களும் முதலைகளும் புதைபடிவங்களாய்க் கிடக்கின்றனவே, அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அந்த மறுமொழியின் சாரம். கணக்கை நம்புவதா, கல்லை நம்புவதா என்ற நிலை. இரு தரப்பும் கெட்டிக்காரர்கள், இரு தரப்பிடமும் நியாயம் இருந்தது. ஆனாலும் எலும்பைக் கணக்குப் போட்டு மறைத்துவிட முடியாது.

கணினியைச் சரிக்கட்டப் பல வழிகள் தேடப்பட்டன. கடல் நீரோட்டம் கூடுதல் வெப்பத்தைத் துருவத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்றார்கள். துருவத்தின்மேல் மிக உயரத்தில் தோன்றும் மேகங்கள் குளிர்கால வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்து வைத்திருக்கலாம் என்று 1998இல் ஸ்லோனும் டேவிட் பொலார்டும் எழுதினார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது. எதுவும் போதவில்லை.

2004இல் சிக்கல் இன்னும் முற்றியது. அந்தக் கோடையில் மூன்று கப்பல்கள் வடதுருவத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தொலைவுக்குப் போயின. ஒன்று கடலடியைத் துளையிட்டது. மற்ற இரண்டும், ஸ்வீடனின் ஓடனும் ரஷ்யாவின் அணுசக்திக் கப்பலான சோவியத்ஸ்கி சோயுஸும், மிதந்து வரும் பனிப்பாளங்களை உடைத்து நொறுக்கிக்கொண்டே இருந்தன. துளையிடும் கப்பல் இடம் பெயராமல் நிற்க வேறு வழியில்லை. கடல் தரைக்குக் கீழே 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து சேறு மேலே வந்தது. அதில் கிடைத்தது என்ன தெரியுமா? அசோலா! தமிழ்நாட்டு உழவர்கள் தழைச்சத்துக்காக நெல்வயலில் வளர்க்கும் அதே பெரணி இனம்தான். சுமார் 49 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆர்க்டிக் கடலின் மேற்பரப்பில், நன்னீர் படிந்திருந்த காலத்தில், அது பச்சைப் பாய் விரித்திருக்கிறது. அதற்கும் முந்தி, சுமார் 56 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடேறிய காலகட்டத்தில், அங்கே கடல்நீரின் வெப்பம் 23 டிகிரி செல்சியசைத் தாண்டியிருந்ததாக 2006இல் வெளியான ஆய்வு கூறியது. எந்தக் கணினி மாதிரியாலும் அன்று அந்த எண்ணை எட்ட முடியவில்லை.

ஆனால் அந்த 23 டிகிரியும் வெப்பமானியை வைத்து அளந்ததல்ல. நுண்ணுயிர்களின் தோலில் இருந்த கொழுப்பு மூலக்கூறுகளைக் கொண்டு ஊகித்தது. அது ஆண்டு முழுவதற்குமான சராசரியா, கோடைக்கு மட்டுமா என்ற விவாதம் தொடர்ந்தது. ஆக, கணினிப் பக்கம் மட்டுமல்ல, சான்றுகளின் பக்கமும் சந்தேகம் இருந்தது.

2011இல் மேத்யூ ஹூபர், ரோட்ரிகோ கபாயெரோ இருவரும் ஒருவழியாகப் புதைபடிவங்களோடு ஒத்துப்போகும் இயோசீன் உலகைக் கணினியில் உருவாக்கிக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. காற்றில் மில்லியனுக்கு 4,480 பங்கு கரியமில வாயு! தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்த 280 பங்கைப்போல் அது 16 மடங்கு. 2016இல் கடல் நுண்ணுயிர் ஓடுகளில் உள்ள போரான் தனிமத்தை அளந்தவர்களோ அன்றைய அளவு ஏறத்தாழ 1,400 பங்குதான் என்றார்கள். விடை பொருந்துகிறது, வழி பொருந்தவில்லை. அப்படியானால் கணினி எதையோ தவறவிடுகிறது.

அந்த 'எதையோ' பெரும்பாலும் மேகம்தான். கணினியின் ஒரு கட்டம் பல சமயம் 100 கிலோமீட்டருக்கும் மேல் அகலம். மேகம் அதற்குள் காணாமல் போய்விடுகிறது. ஆகவே மேகத்தை நேரடியாகக் கணக்கிடாமல் சூத்திரங்களால் மதிப்பிடுகிறார்கள். 2019இல் ஜியாங் சூ, கிறிஸ்டஃபர் போல்சன், ஜெசிக்கா டியர்னி மூவரும், மேகச் சூத்திரங்கள் மேம்படுத்தப்பட்ட மாதிரியைக் கொண்டு, நம்பத்தகுந்த கரியமில வாயு அளவிலேயே துருவத்தைச் சூடாக்கிக் காட்டினார்கள். பூமி சூடேறும்போது வெயிலைத் திருப்பி அனுப்பும் ஆற்றலை மேகங்கள் இழக்கின்றன என்பதே அதன் சூட்சுமம்.

அடுத்த ஆண்டே கதை தலைகீழாகத் திரும்பியது. அதே குடும்பத்தின் புதிய மாதிரியை இயோசீன் காலத்தில் ஓட்டிப் பார்த்தபோது வெப்பமண்டல நிலப்பகுதிகள் 55 டிகிரியைத் தாண்டிக் கொதித்தன. அந்த வெப்பத்தில் செடிகொடிகளால் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது. ஆனால் அங்கே அப்போது காடுகள் இருந்தன. முப்பது ஆண்டுகளாகக் குளிரில் நடுங்கிய கணினிக்கு இப்போது காய்ச்சல்!

இதில் வேடிக்கை பார்க்க மட்டும் நமக்கு இடமில்லை. கரியமில வாயு இரு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடேறும் என்று சொல்வதும் இதே வகைக் கணினி மாதிரிகள்தான். சிங்கப்பூர் 2024 ஜனவரியில் வெளியிட்ட மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, 2100ஆம் ஆண்டுக்குள் இங்கே கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. தடுப்புச்சுவர் எவ்வளவு உயரம் என்பதை இப்படிப்பட்ட எண்களை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

காய்ச்சல் கண்ட மாதிரிக்கு மருந்து கிடைத்ததும் பழங்காலத்தில்தான். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய உச்சக்கட்டப் பனியுகத்தை வைத்து அதைச் சோதித்தவர்கள், மேகங்களிலுள்ள பனித்துகள்களின் எண்ணிக்கைக்கு நிரலில் பொருத்தமில்லாத வரம்பு ஒன்று போடப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2022இல் அந்த வரம்பை எடுத்துவிட்டு, மேகக் கணக்கை இன்னும் குறுகிய கால இடைவெளிகளில் ஓட்டியபோது மாதிரியின் சூடு தணிந்தது.