குறையும் மாணவர் தொகையும் கல்லூரி ஆடுகளமும்
(வன்னிப் பெருநிலம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

மாரி மழை ஓய்ந்து, வயல்களில் அரிவிவெட்டு நடைபெறும் காலத்தில், வன்னிப் பெருநிலத்துப் பாடசாலைகள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆயத்தமாவது வழக்கம். மைதானத்துப் புல்லைச் செதுக்குவர், சுண்ணாம்பாற் கோடிடுவர், இல்லங்களைத் தென்னோலையாற் சோடிப்பர். யான் முன்னர்க் கற்பித்த சிற்றூர்ப் பாடசாலையொன்றில் மூன்று இல்லங்கள் இருந்தன. மாணவர் தொகை குறையவே அவை இரண்டாயின. பின்னர்ச் சில வருடங்களிற் போட்டியே நின்றுபோயிற்று. வகுப்புகள் நிற்கவில்லை, தவணைப் பரீட்சைகள் நிற்கவில்லை, பரிசளிப்பு விழாவுங்கூட ஒருவாறு நடைபெற்றது. முதலில் அடங்கியது ஆடுகளமே.

மாணவர் குறைந்தவிடத்து ஆடுகளம் முதலில் அடங்குவது ஏன்? ஆசிரியரின் அசட்டை என்போர் உளர். பெற்றோரின் அக்கறையின்மை என்போரும் உளர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல. நம் நாட்டுக் கல்லூரிகளின் வரவு செலவுக் கணக்கு நூற்றைம்பது ஆண்டுகளாக எவ்வாறு அமைந்து வந்தது என்பதை நோக்கின் உண்மைக் காரணம் புலப்படும். ஈழத்து வழக்கிற் கல்லூரி என்பது உயர்தர வகுப்புவரை கற்பிக்கும் பாடசாலையையே குறிக்கும். அப்பொருளிலேயே இக்கட்டுரையிலும் அச்சொல் வழங்கும்.

பணமும் மாணவர் தொகையும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதற்கு முதற் சான்று 1837ஆம் ஆண்டிற்குரியது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். கிராமங்கள்தோறும் தமிழ்ப் பாடசாலைகளையும் நடாத்தினர். இவற்றுக்கு வேண்டிய பொருள் அமெரிக்க மக்களின் காணிக்கையாக வந்தது. 1837இல் அந்நாட்டில் வங்கிகள் முறிந்து பெரும் பொருள் நெருக்கடி உண்டாயிற்று. தாய்ச்சங்கம் அனுப்பும் தொகையைக் குறைத்தது. அதனால் யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பினர். கடல்கடந்த நாட்டில் வங்கி முறிந்தமையால் இங்குள்ள பிள்ளை ஏட்டை மூடிவைத்தான். அன்று பணம் குறைந்தமையால் மாணவர் குறைந்தனர். பின்வந்த காலத்திலோ மாணவர் குறைந்தமையாற் பணம் குறையும் முறை வேரூன்றியது.

அம்முறை உதவிநன்கொடை முறையோடு வந்தது. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதனையடுத்துத் தனியார் நடாத்தும் பாடசாலைகளுக்கு அரசினர் உதவிநன்கொடை வழங்கலாயினர். அந்நன்கொடை மாணவரின் வரவையும் பரீட்சைப் பெறுபேற்றையும் அளவாகக் கொண்டு கணிக்கப்பட்டது. ஆதலின் வரவு இடாப்பு பாடசாலையின் பணப்பெட்டிக்குத் திறவுகோலாயிற்று. சனநெருக்கமுள்ள ஊர்களில் இம்முறை பெரிதும் பயன்பட்டது. சைவமக்களின் முயற்சியால் 1890இல் சைவபரிபாலன சபையின் பொறுப்பில் எழுந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போன்றவை கட்டணத்தையும் நன்கொடையையும் துணையாகக் கொண்டு வளர்ந்தன. 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கமும், அதனைக் கட்டியெழுப்பிய 'இந்து போட்' சு. இராசரத்தினம் அவர்களும் ஊர்தோறும் சைவப் பாடசாலைகளைத் தாபித்தபோது இந்நன்கொடையையே பெரிதும் நம்பினர்.

ஆயின் வன்னியின் நிலை வேறு. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ், பரந்த காட்டிடையே குளத்துக்கொரு சிற்றூராகச் சிதறிக் கிடந்த, காய்ச்சலால் நலிந்த குடிகளையே கண்டார். பத்துக் குடும்பங்கள் வாழும் ஊரிற் பாடசாலை அமைத்தால் எத்தனை பிள்ளைகள் சேருவர்? தலையெண்ணிப் பணம் வழங்கும் முறையில், தலைகள் குறைந்த நிலம் தொடக்கத்திலேயே பின்தங்கியது. இன்றைய இடருக்கு அன்றே வித்திடப்பட்டது எனலாம்.

இனி ஆடுகளத்தின் கணக்கை நோக்குவாம். அரசினர் நன்கொடை எழுத்துக்கும் எண்ணுக்கும் உரியது. பந்துக்கும் மட்டைக்கும் உரியதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையே 1904ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்றுவரும் கிறிக்கெட் போட்டியைப் புகழ்ந்து பேசுவோர், அம்மைதானங்களைப் பேணிய பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சிந்திப்பது அரிது. மாணவர் செலுத்திய கட்டணமும், பழைய மாணவரும் அபிமானிகளும் கொடுத்த கொடையுமே அவற்றைத் தாங்கின. ஆகவே மாணவர் நிறைந்த கல்லூரிக்கு ஆட்டம் இருந்தது. குறைந்த கல்லூரிக்கு வெறும் நிலம் இருந்தது.

1945 ஒக்டோபரில் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளைக்கு உயர்தரக் கல்வியின் கதவைத் திறந்த அச்செயலை எத்துணைப் போற்றினும் தகும். எனினும் கட்டணம் நின்றபோது விளையாட்டுக்கு உரிய வருவாயும் நின்றது. 1951இல் செய்யப்பட்ட மாற்றத்தின்போது, நன்கொடை பெறும் பாடசாலைகள் நூல்நிலையம், ஆய்வுகூடம், விளையாட்டு முதலியவற்றுக்காக 'வசதிக் கட்டணம்' என்னும் சிறுதொகையை அறவிட இடமளிக்கப்பட்டது. இதுவும் தலைக்கு இவ்வளவு என்னும் கணக்கே.

இத்தகைய எளிய வருவாயோடு கல்லூரிகள் அரிய செயல்களைச் செய்தன என்பதையும் மறத்தல் ஆகாது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த நா. எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளிற் கலந்துகொண்டார். 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தை ஈட்டினார். உயரம் பாய்தலுக்கு வேண்டியவை இரு கம்பங்கள், ஒரு குறுக்குக் கோல், ஒரு மணற்குழி. பதினொருவர் வேண்டுவதில்லை. இவ்வுண்மையை நாம் மீண்டும் நினைக்கவேண்டிய இடம் பின்னர் வரும்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றனர். சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் அவ்வாறே அரசினர் வசமாயின. யாழ்ப்பாணக் கல்லூரி, பரியோவான் கல்லூரி முதலிய சில பெரிய கல்லூரிகள் தனியாக நிற்க விரும்பிக் கட்டணமும் நன்கொடையும் இன்றிப் பெரும் பொருள் நெருக்கடியைத் தாங்கின. அரசினர் வசமான பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளம் உறுதியாயிற்று. ஆயின் மைதானத்தைப் பேணுவதற்கு, முகாமையாளரும் இல்லை. அவர்க்கு ஈடாக நின்று பொருள் திரட்டுவாரும் எல்லா ஊரிலும் இல்லை. பழைய மாணவர் பலமுள்ள கல்லூரி பிழைத்தது. வன்னிப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அப்போது இளம்பாடசாலைகள். அவற்றுக்கு உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர் கூட்டமே இன்னும் உருவாகவில்லை.

எனினும் அக்காலம் வன்னி வளர்ந்த காலம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களின் கீழ்க் குடியேற்றங்கள் எழுந்தன. யாழ்ப்பாணத்துக் காணியற்றோரும், 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்தோரும், மலையகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இங்கு வேரூன்றினர். ஓலைக் கொட்டில்கள் மகா வித்தியாலயங்களாயின. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. மாணவர் தொகை ஏறியபோது உதைபந்தாட்டக் குழுக்களும் கரப்பந்தாட்டக் குழுக்களும் தாமே தோன்றின.

பின்னர்ப் போர் வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மக்களுட் பெருந்தொகையினர் கடல்நீரேரி கடந்து வன்னியை அடைந்தனர். 1996இற் கிளிநொச்சி நகரும் இடம்பெயர்ந்தபோது மல்லாவி, துணுக்காய், புதுக்குடியிருப்புப் பகுதிகளின் பாடசாலைகள் பிதுங்கின. மரநிழலிலும் மாலைநேரத்திலும் வகுப்புகள் நடந்தன. மைதானங்களிற் கொட்டில்கள் எழுந்தன. ஈண்டு ஒரு முரண் தோன்றுகிறது: மாணவர் தொகை உச்சமடைந்தபோதும் ஆடுகளம் இழக்கப்பட்டது. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலைகளை அழித்தது. 2009இல் போர் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களில் இருந்தனர். மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

மீள்குடியேறியோர் அனைவரும் பழைய ஊர்களில் நிலைக்கவில்லை. பலர் வெளிநாடு சென்றனர். பலர் நகர்ப்புறம் நாடினர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்ந்தோர் சுமார் 92,000 பேரே. இதனோடு நாடு முழுவதற்கும் பொதுவான வேறொரு காரணமும் சேர்ந்தது. 2012இல் இலங்கையிற் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ மூன்றரை இலட்சம். 2023இல் அத்தொகை ஏறத்தாழ இரண்டரை இலட்சமாகக் குறைந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்போது ஒரு டொலரின் பெறுமதி 200 ரூபாவளவிலிருந்து 350 ரூபாவைக் கடந்தது. இறக்குமதியாகும் பந்தும் ஓட்டச் சப்பாத்தும் சிற்றூர்ப் பாடசாலைக்கு எட்டாப் பொருளாயின.

இந்நிலையிற் பழைய தலைக்கணக்கு மீண்டும் நம்முன் நிற்கிறது. ஆசிரியர் தொகை மாணவர் தொகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டளவிற் கொண்டுவரப்பட்ட நிதிப்பங்கீட்டு முறையும் மாணவர் ஒருவருக்கான செலவையே அடிப்படையாகக் கொண்டது. பெரிய பாடசாலைகள் பல இருக்கும் நாட்டில் இது நீதியான முறைபோலவே தோன்றும். ஓர் உதாரணம் கொள்வோம். விளையாட்டுக்குத் தலைக்கு நூறு ரூபா கிடைக்கிறது என வைத்தால், 600 மாணவருள்ள கல்லூரி 60,000 ரூபா பெறும். 60 மாணவருள்ள பாடசாலை 6,000 ரூபா பெறும். ஆனால் மைதானத்தின் பரப்புச் சுருங்குவதில்லை. பந்தின் விலை குறைவதில்லை. துணுக்காயிலிருந்து யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்குக்கு ஒரு மாணவனை அழைத்துச் செல்லும் தூரமும் குறுகுவதில்லை. வரவு தலையைப் பின்பற்றுகிறது. செலவோ நிலத்தைப் பின்பற்றுகிறது. ஆடுகளம் முதலில் அடங்குவதன் காரணம் இதுவே.

அதனால் விளையும் இழப்பு ஒரு கிண்ணமோ பதக்கமோ அன்று. மேற்குறித்த பாடசாலையில் நீளம் பாய்வதில் வல்ல மாணவன் ஒருவன் இருந்தான். பாடத்திற் பின்தங்கியவன், தந்தையோடு வயலுக்குச் செல்பவன். முதற்றவணையில் மட்டும் ஒருநாளுந் தவறான். போட்டி நின்ற ஆண்டில் அவனும் நின்றுவிட்டான். வரவு இடாப்பில் மேலும் ஒரு பெயர் குறைந்தது. அக்குறைவால் அடுத்த ஆண்டு பணமும் குறைந்தது. மாணவர் குறையின் ஆட்டம் நிற்கும். ஆட்டம் நின்றாலும் மாணவர் குறைவர்.

இச்சுழலைப் பிறநாட்டார் எதிர்கொண்ட விதம் நமக்குப் பாடமாகும். 1934இல் அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில் ஸ்ரீபன் எப்லர் என்னும் ஆசிரியர், பதினொருவரைத் திரட்டவியலாத சிற்றூர்ப் பாடசாலைகளுக்காக அறுவர் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தை வகுத்தார். அது பல மாநிலங்களிற் பரவியது. குழந்தைப் பிறப்புக் குறைந்துவரும் யப்பானில், ஆட்களைத் திரட்டவியலாத உயர்நிலைப் பாடசாலைகள் ஒன்றுசேர்ந்து ஒரே பேஸ்போல் குழுவாகப் போட்டியிட இடமளிக்கப்படுகிறது. அவர்கள் பிள்ளையை விதிக்கு ஏற்ப வெட்டவில்லை. விதியைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றினர்.

வன்னிக்கும் இவ்வழிகள் பொருந்தும். முதலாவதாக, விளையாட்டுக்கான பணத்தில் ஒரு பகுதியேனும் தலைக்கென்றன்றிப் பாடசாலைக்கென்று ஒதுக்கப்படல் வேண்டும். மைதானம் உள்ளவிடத்து அதனைப் பேணும் அடிப்படைத் தொகை குறையலாகாது. இரண்டாவதாக, அயற்பாடசாலைகள் மூன்று நான்கு கூடி ஒரே மைதானத்தில் இல்லப்போட்டி நடாத்தலாம். குழு ஆட்டங்களிற் கூட்டுக்குழுவாக இறங்கக் கோட்ட, வலய மட்டங்களில் இடமளிக்கலாம். மூன்றாவதாக, ஆட்பலம் வேண்டாத ஓட்டம், பாய்தல், எறிதல் ஆகியவற்றிற் சிறுபாடசாலைகள் கருத்தூன்றலாம். இரு கம்பமும் மணற்குழியும் ஆசியத் தங்கத்துக்கு வழிகாட்டிய வரலாறு நம்முடையது.

கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவரிடத்தும் ஒரு விண்ணப்பம் உண்டு. வளைவும் மண்டபமும் பெயர் பொறித்து நிற்கும்; புல் வெட்டுவதற்கும் மணல் மாற்றுவதற்கும் கொடுக்கும் பணத்திற்குப் பெயர்ப்பலகை இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் வேண்டப்படுவது அதுவே.

சிறுபாடசாலைகளை மூடிவிடுதல் சிக்கனம் என்பாரும் உளர். பத்து மைல் சுற்றளவில் வேறு பாடசாலையில்லாத காட்டோர ஊரில், யானை நடமாடும் பாதையிற் சிறுபிள்ளை நடந்து செல்வதன் விலையை அச்சிக்கனத்தின் கணக்கிற் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். உடம்பை இகழாது பேணுக என உணர்த்திய திருமூலநாயனார் மரபில் வந்த நமக்கு ஆடுகளம் கல்விக்குப் புறம்பானதன்று. 1870ஆம் ஆண்டளவிற் தொடங்கிய தலைக்கணக்கு, தலைகள் பெருகிய காலத்துக்கு ஏற்றதாயிருந்திருக்கலாம். அவை குறையும் இக்காலத்தில், எஞ்சியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓடுவதற்கு ஒரு களம் இருத்தல் வேண்டும் என்பதையே கணக்கின் முதல்வரியாக எழுதுதல் நம் கடனாகும்.